பதினொரு பல்லவியும் ஒரு டம்மி வரியும்

மார்ச் 4, திங்கள்

இந்த டைரியை மருந்துக் கடையில் இனாமாகக் கொடுத்தார்கள். அட்டையில் இருமல் மருந்துப் படம். ஜனவரி, பிப்ரவரிப் பக்கங்கள் காலியாகக் கிடக்கின்றன, கிடக்கட்டும். பிப்ரவரியைப் பற்றி எழுத எனக்கு ஒரு அவசியமும் இல்லை.

சாலிகிராமத்தில் மாவு மில்லுக்கு மேலே ஒற்றை அறை. வந்து இரண்டு வாரம் ஆகிறது. பாட்டெழுதுகிறவனுக்குத் தனிமை வேண்டும், அதற்காக எடுத்தது. காலை எட்டு மணிக்கு மில் ஓட ஆரம்பித்தால் தனிமை போய்விடுகிறது, அது வேறு விஷயம். தமயந்தி அயனாவரத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கிறாள். தமயந்தி என் மனைவி. பெரம்பூர் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறாள். குவார்ட்டர்ஸ் அவள் பெயரில். போன மாதம் அவளுக்கு ஒரு சின்ன ஆபரேஷன். இப்போது நன்றாக இருக்கிறாள் என்று கேள்வி.

பதினொரு மணிக்கு நேசன் வந்தான். ஜெபநேசன், மெட்டமைப்பாளன், முப்பது வயதுகூட ஆகவில்லை. நான் இருபது வருடமாக வேல்நம்பி என்ற பெயரில் பாட்டெழுதுகிறேன். அவன் என்னை அண்ணா என்கிறான், சந்தோஷம். எட்டுக்கட்டை மியூசிக் என்ற கம்பெனிக்காக ஒரு தனிப் பாட்டு. சினிமா கிடையாது, கதை கிடையாது, மூன்று நிமிடம். பாடப்போகிறவள் மிர்த்திகா, டிவி பாட்டுப் போட்டியில் மூன்றாவதாக வந்த பெண்.

மெட்டைப் பாடிக் காட்டினான். மெட்டுப் போடுகிறவன் பாடிக் காட்டும்போது வாயில் வந்த சொல்லைப் போட்டு நிரப்புவான். அதற்கு டம்மி என்று பெயர். அர்த்தம் வேண்டியதில்லை, அளவு சரியாக விழுந்தால் போதும். கவிஞன் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அதே அளவில் நல்ல சொல்லை வைப்பான். போன பாட்டுக்கு இவன் பாடிய டம்மி "வெங்காய பஜ்ஜி ரெண்டு". அந்த இடத்தில் நான் "வெண்பனிப் பூவே நின்று" என்று வைத்தேன். தொழில் இப்படித்தான் நடக்கிறது.

இன்று பாடிய டம்மி:

போறதா இருந்தா போ போ
சாவிய வச்சிட்டுப் போ

"எப்படிண்ணா இருக்கு?" என்றான்.

"மெட்டு பரவாயில்ல. டம்மி கேவலமா இருக்கு" என்றேன்.

எங்கே பொறுக்கினான் என்று நான் கேட்கவில்லை. டம்மிக்கெல்லாம் யாரும் ஊர் பேர் கேட்பதில்லை.

மார்ச் 6, புதன்

முதல் பல்லவி எழுதி அனுப்பினேன். "பேரெழில் நிலவே வா வா, பாதியில் விலகிடவா." ஒரு மணி நேரத்தில் நேசனிடமிருந்து பதில்: கட்டைவிரல் படம் ஒன்று, கூடவே "இன்னொன்னு ட்ரை பண்ணலாமாண்ணா?" கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு வேண்டாம் என்று சொல்வது இந்தத் தலைமுறையின் நாகரிகம்.

நாலு சட்டை துவைத்துக் காயப்போட்டேன். நாலிலும் மிளகாய்ப் பொடி. மில்காரரிடம் சண்டை. "மேல காயப்போடாதீங்க, சொன்னேன்ல" என்றார். சொல்லவே இல்லை.

மார்ச் 9, சனி

இரண்டு, மூன்று, நான்கு. எல்லாம் போயிற்று. "நீங்காத நதியே நில் நில்" என்று எழுதியதற்கு, கம்பெனியில் இந்தப் பாட்டைப் பார்த்துக்கொள்ளும் ஷெரின் என்ற பெண்மணி, "சார், இதுல ஒரு பழைய வாசன வருது" என்றாராம். நாற்பது வயதைத் தாண்டியவன் எதைத் தொட்டாலும் இவர்களுக்கு வாசனை வந்துவிடும்.

எல்லோரும் அந்த டம்மியையே முணுமுணுக்கிறார்கள். நேசனின் ஸ்டுடியோவில் டீ கொண்டுவந்து கொடுக்கிற அம்மாகூட. அதைக் கேட்டால் எனக்கு மண்டை காய்கிறது. இலக்கிய ரசனை உள்ள எவனுக்கும் காயும்.

மார்ச் 13, புதன்

13ஆம் தேதி எனக்கு ஆகாது. எழுதவில்லை.

மார்ச் 15, வெள்ளி

பதினொன்றாவது பல்லவி ஓகே ஆயிற்று. "நீ தரும் வலியே போ போ, நெஞ்சினை விடுத்திங்கே போ." பிடித்துப்போய் ஓகே செய்யவில்லை. திங்கட்கிழமை ரிக்கார்டிங், வேறு வழியில்லை. எனக்குத் தெரியாதா?

பையில் அயனாவரம் சாவி இருக்கிறது. சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்ற வேண்டியிருக்கிறது. கொடுத்துவிட மறந்துபோயிற்று, அவ்வளவுதான். யாராவது அந்தப் பக்கம் போனால் கொடுத்தனுப்ப வேண்டும்.

மார்ச் 18, திங்கள்

ரிக்கார்டிங். மிர்த்திகா திருச்செங்கோட்டுப் பெண், இருபத்து மூன்று வயது. கண்ணாடி அறைக்குள் நின்றுகொண்டு, சுருதி சரிபார்க்க முதலில் டம்மியைப் பாடினாள். ஒருமுறை கோபமாக. இன்னொருமுறை சிரித்துக்கொண்டே. மூன்றாவது முறை கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. ரொம்ப நேரம் நின்று கால் வலித்தவள் பேசுகிற மாதிரி மெதுவாகப் பாடினாள். எனக்கு ஏசி ஒத்துக்கொள்ளவில்லை. எழுந்து மாடிப்படியில் போய் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்தபோது என் வரிகளைப் பாடிக்கொண்டிருந்தாள். கணக்கு வாத்தியார் முன்னால் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல இருந்தது.

"என்னம்மா, பாவம் வரலையே?" என்றேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். நீங்க எழுதுனது நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா 'விடுத்திங்கே'ன்னு யாராச்சு பேசுவாங்களாங்க? அந்த டம்மியப் பாருங்க, அதை நெசமாலுமே எந்தப் பொம்பளையோ சொல்லியிருக்காங்க. சும்மா வராதுங்க அது."

"உனக்கு வயசு பத்தாதும்மா" என்றேன். நேசன் தலையைக் குனிந்து ஏதோ பட்டனைத் தட்டிக்கொண்டிருந்தான். நான் அவனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்க்கவில்லை.

மார்ச் 27, புதன்

மெஸ்ஸில் சாம்பாரில் உப்பு இல்லை. சொன்னதற்கு, உப்பு ஜாடியைத் தூக்கி டேபிளில் வைத்தார்கள்.

ஏப்ரல் 5, வெள்ளி

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எதற்கெடுத்தாலும் 'ஃபைனல்' என்று பெயர் வைப்பார்கள். முதல் தடவை பாடியது ஃபைனல், திருத்திப் பாடியது ஃபைனல் இரண்டு, அதற்கப்புறம் வருவது நியூ ஃபைனல். பாட்டு வருவதற்கு மூன்று வாரம் முன்பே முப்பது விநாடித் துண்டு ஒன்றைப் போனில் பார்க்கிற மாதிரி வெளியிடுவது வழக்கம். அதை வெட்டி ஒட்டுகிற ஆளுக்கு நேசன் அனுப்பிய கோப்பில் இரண்டு இருந்தன: 'பல்லவி ஃபைனல்', 'பல்லவி டம்மி ஃபைனல்'. அந்த ஆள் பட்டியலில் கடைசியாக இருந்ததை எடுத்துவிட்டான். அதுவும் அந்த மூன்றாவது தடவை பாடியது.

மதியம் இரண்டு மணிக்கு வெளியிட்டிருக்கிறார்கள். எனக்கு நாலு மணிக்குத் தெரிந்தது. நேசனுக்குப் போன் செய்து வாயில் வந்ததெல்லாம் பேசினேன். "எடுத்துடச் சொல்றேண்ணா" என்றான்.

ஆறு மணிக்குள் லட்சம் பேர் கேட்டுவிட்டார்கள். எடுக்க முடியாதாம்.

ஏப்ரல் 8, திங்கள்

கல்லூரிப் பெண்கள் வாசலில் நின்று சாவியைக் கேட்டுக் கை நீட்டுகிறார்கள், அதைப் படம் பிடித்துப் போடுகிறார்கள். ஒரு பாட்டியம்மாள் மருமகனிடம் ஸ்கூட்டர் சாவியைக் கேட்கிறார். ஒரு நாய்க்குட்டியின் வாயிலிருந்து சாவியைப் பிடுங்குகிறார்கள். எல்லாவற்றுக்கும் பின்னால் அதே குரல். போறதா இருந்தா போ போ.

கம்பெனியில் மீட்டிங். முழுப் பாட்டிலும் டம்மியே இருக்கட்டும் என்று ஷெரின் சொன்னார்.

"அது பாட்டே இல்லைங்க. வீட்டுல சண்டை போடுறப்ப பேசுற பேச்சு" என்றேன்.

"அதான் சார் வேணும். ஜனங்க அதத்தான் புடிச்சுக்கிட்டாங்க."

"அப்ப என் பேரைப் போடாதீங்க."

"சரணம் ரெண்டும் உங்களுது சார். பல்லவிக்குத் தனியா யார் பேரப் போடறது? டம்மின்னு போட முடியுமா?"

  பாடல் வரிகள்: வேல்நம்பி என்று போடும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். போடாமல் என்ன செய்ய? நான் ஒன்றும் திருடவில்லை. காற்றில் கிடந்த சொல், நேசன் எடுத்தான், என்மேல் வந்து விழுந்தது.

ஏப்ரல் 14, ஞாயிறு

புத்தாண்டு. மெஸ்ஸில் பாயசம், அதிலும் ஏதோ குறைவு.

அந்தப் பக்கம் ஒரு வேலை இருந்தது, அதனால் அயனாவரம் போனேன். தமயந்திக்குக் காலை ஷிப்ட் என்று தெரியும். என் தமிழ் அகராதி அங்கேதான் இருக்கிறது, எடுத்துவரலாம் என்று நினைத்தேன். சாவி திரும்பவில்லை. பூட்டுக்கு எண்ணெய் போட்டு எத்தனை நாளாயிற்றோ. நான் இருந்தவரை மாதம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் விடுவேன். இப்போது யாருக்கு அக்கறை? பூட்டு பளபளவென்றுதான் இருக்கிறது, உள்ளே துரு.

பக்கத்து வீட்டுக் கோமதியக்கா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்திருக்க மாட்டார்.

அகராதி இல்லாமலே சமாளிக்கலாம்.

ஏப்ரல் 26, வெள்ளி

பாட்டு முழுசாக வெளிவந்தது. என் பெயர் நேசனின் பெயருக்குக் கீழே, மூன்று விநாடி.

மே 3, வெள்ளி

முதல் வாரப் பட்டியல். எஃப்எம்காரர்கள் வெள்ளிக்கிழமைதோறும் ஐம்பது பாட்டுக்கு வரிசை போடுகிறார்கள். முதல் வாரமே பத்தொன்பதாவது இடம். யார் யாரோ போன் செய்கிறார்கள். பத்து வருடமாக எனக்கு வாய்ப்பே கொடுக்காத ஒரு இயக்குநர், "என்னா வரி சார்! நெஞ்சுல குத்திட்டீங்க" என்றார். இருபது வருடம் ரத்தத்தைத் தண்ணீராக்கி எழுதியபோது இவர் நெஞ்சு எங்கே போயிருந்தது?

என் சரணங்களைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. ஒருவர்கூட.

மில்லில் ரேடியோ வாங்கி வைத்திருக்கிறார்கள். மாவு அரைக்கிற சத்தத்தையும் தாண்டி அது மட்டும் மேலே ஏறி வருகிறது.

மே 10, வெள்ளி

ஆறாவது இடம்.

யூட்யூப் சேனல் ஒன்றில் பேட்டி எடுத்தார்கள். நெற்றியில் விழுந்த முடியை ஊதிக்கொண்டே பேசுகிற பையன். "சார், இந்த சாவி கான்செப்ட் எப்படி சார் தோணுச்சு?"

என்ன சொல்ல? அவன் மைக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறான். சொன்னேன்: "பெசன்ட் நகர் கடற்கரையில் விடியற்காலை நடந்துகொண்டிருந்தேன். அலை வந்து காலைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. போகிறவன் எதையாவது வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று தோன்றியது. அந்தக் கணத்தில் வந்து விழுந்த வரி." பையன் கண்ணை மூடித் தலையாட்டினான். எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது.

மே 11, சனி

மாலை ஐந்தே காலுக்குத் தமயந்தியிடமிருந்து செய்தி. பிப்ரவரி 17க்குப் பிறகு முதல் செய்தி. இரண்டே சொல்.

"எந்த பீச்?"

மே 12, ஞாயிறு

பதில் போடவில்லை. போனில் சார்ஜ் இல்லை.

மே 17, வெள்ளி

இரண்டாவது இடம். காலையில் நேசனின் ஸ்டுடியோவுக்குப் போனேன். அவன் ஆப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வேறு யாரும் இல்லை. இரண்டரை மாதமாகக் கேட்காமல் இருந்ததைக் கேட்டேன்.

"அந்த டம்மிய எங்க புடிச்ச?"

அவன் ஆப்பத்தை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். "உங்களுக்குத் தெரியும்லண்ணா."

"தெரியாது. சொல்லு."

"அக்காவ ஆஸ்பத்திரிலேர்ந்து கூட்டியாந்த அன்னிக்கு. பத்து நிமிஷத்துல வந்துடறேன்னு சொன்னீங்க, நான் பைக்கோட வாசல்ல நின்னேன். ஹாரன் அடிச்சேன். ஜன்னல் தெறந்திருந்துச்சு. அக்கா கத்தக்கூட இல்லண்ணா. மெதுவா சொன்னாங்க. நீங்க வந்து வண்டில ஏறுனீங்க, போலாம்ன்னீங்க. அது எனக்குள்ளயே ஓடிட்டிருந்துச்சு. மெட்டு போடறப்ப தானா வந்துருச்சு. வேணும்னு செய்யல."

"அடுத்தவன் வீட்டுப் பேச்ச மெட்டுல போட உனக்கு வெக்கமா இல்ல?"

"டம்மின்னா நீங்க மாத்திருவீங்கன்னு நெனச்சேன். பதினொரு தடவ எழுதுனீங்கள்ல? அதுல ஒண்ணாவது அதவிட நல்லா இருந்தா நான் ஏண்ணா அத வச்சிட்டிருக்கப் போறேன்?"

இவனுக்கு நான் முதல் வாய்ப்பு வாங்கிக் கொடுத்தேன். சர்ச்சில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தவன்.

"அவ கோவத்துல சொன்னா. சின்ன ஆபரேஷன், அன்னிக்கு நான் போக முடியல. என் போன்ல சார்ஜ் இல்ல" என்றேன்.

 நேசன் சொன்னான்: "கர்ப்பப்பைய எடுக்குற ஆபரேஷன்ணா அது. சின்னது இல்ல. அன்னிக்கு நீங்க இங்கதான இருந்தீங்க. அக்கா எனக்கும் போன் பண்ணாங்க. நான் போன உங்ககிட்ட நீட்டுனேன். இல்லைன்னு சொல்லுன்னு சொன்னீங்க."

அவனுக்கு ஞாபக மறதி அதிகம். ராத்திரி பகலாக ஹெட்போன் மாட்டிக்கொண்டிருந்தால் வேறு என்ன ஆகும்?

அன்றைக்கு எழுதிக்கொண்டிருந்த பாட்டு கடைசியில் படத்திலேயே வரவில்லை. அதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மே 21, செவ்வாய்

காய்ச்சல். மில்காரர் மேலே வந்து கஞ்சி வைத்துவிட்டுப் போனார். "வீட்டுல யாரும் இல்லையா சார்?" என்றார். உங்கள் வேலையைப் பாருங்கள் என்றேன். கஞ்சி சூடாகத்தான் இருந்தது.

மே 24, வெள்ளி

முதலிடம்.

மே 25, சனி

எழுதியே ஆக வேண்டும்.

காலை ஒன்பது மணிக்கு எஃப்எம்மில் நேரலை. நான், நேசன், மிர்த்திகா. கேக் வெட்டினார்கள், கேக்கின்மேல் சர்க்கரையில் செய்த சாவி. நேயர்கள் போன் செய்து பேசினார்கள். நாலைந்து பேர் பாடிக் காட்டினார்கள், சகித்துக்கொண்டேன்.

பிறகு அம்பத்தூரிலிருந்து ஒரு அம்மா. பெயர் சொல்லவில்லை. "சார், நானு பதினாலு வருசமா இதச் சொல்லணும்னு நெனச்சிட்டிருந்தேன். எனக்கு வார்த்த வரல. உங்க பாட்டக் கேட்டப்புறம் போன வாரம் சொல்லிட்டேன். அந்தாளு சாவிய வச்சிட்டுப் போயிட்டான். நானும் எம் பொண்ணும் நிம்மதியாத் தூங்குறோம். ஒரு பொம்பள மனசு உங்களுக்கு எப்படி சார் தெரிஞ்சது? அந்தக் கைக்கு ஒரு கும்பிடு சார்."

தொகுப்பாளர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். கடற்கரைக் கதையைச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன், அது வரவில்லை. அந்த அம்மா போனில் மூச்சு விடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அம்மா, அது என் கை இல்லீங்க" என்றேன். "என் மனைவி சொன்னது. என்னப் பாத்துச் சொன்னது. நான் பதினோரு விதமா மாத்தப் பாத்தேன், முடியல. கும்பிடு அவங்களுக்குப் போடுங்க."

 தொகுப்பாளர் அவசரமாகப் பாட்டைப் போட்டுவிட்டார். மிர்த்திகா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஷெரின் வெளியே கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டு தலையில் கை வைத்திருந்தார். நேசன் மட்டும் என் தோளில் கை வைத்தான். தட்டிவிட்டேன்.

பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டுதான் அறைக்கு வந்தேன், பொய் சொல்வானேன். ஷெரின் போன் செய்து, பல்லவிக்கு அவங்க பேரையே போட்டுடலாமா, அனுமதி வாங்கித் தாங்க என்றார். இது இன்னும் நன்றாக ஓடுமாம்.

மாலை நாலு மணிக்குத் தமயந்தி போன் செய்தாள். எடுத்தேன். ஹலோ என்றுகூடச் சொல்லவில்லை.

"ரேடியோல சொன்னியாமே."

"ஆமா. உன் பேரப் போடறதுக்கு…"

"எம் பேரு எங்கயும் வரக்கூடாது. கவுண்ட்டர்ல என்கூட இருக்கறவங்க எல்லாம் வந்து கட்டிப் புடிக்கிறாங்க. ஏன் புடிக்கிறாங்கன்னே ஒரு மணி நேரம் எனக்குத் தெரியல. ஊருக்கே சொல்லிட்ட. எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

"என்ன சொல்லணும்ங்கற?"

"அதையும் நானே சொல்லித் தரணுமா? அப்புறம் அதுவும் உன் பேர்ல வரணுமா?"

வைத்துவிட்டாள்.

மே 26, ஞாயிறு

காலையிலிருந்து எழுதிப் பார்த்தேன். "பிழை பொறுத்தருள்க" என்று ஆரம்பித்தது ஒன்று. "காலம் செய்த கோலம்" என்று ஒன்று. மதியத்துக்குள் ஒன்பது ஆயிற்று. எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன். இன்னும் இரண்டு எழுதியிருந்தால் பதினொன்று ஆகியிருக்கும்.

மே 27, திங்கள்

காலையில் பெரம்பூர் போனேன். பத்தரை மணி. மூன்று கவுண்ட்டரில் ஒன்றுதான் திறந்திருந்தது, அதில் அவள். வரிசையில் பதினான்கு பேர். நின்றேன். வேறு யாரிடமும் இப்படி நின்றதில்லை. எனக்குப் பின்னால் காலிஃப்ளவர் மூட்டையோடு ஒருவர், அடிக்கடி மூட்டையால் என் முழங்காலை இடித்துக்கொண்டே இருந்தார்.

தமயந்தி இளைத்திருக்கிறாள். முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். நாற்காலியில் முதுகுக்கு ஒரு தலையணை வைத்திருக்கிறாள். அது நம் வீட்டுத் தலையணை, நீலக் கட்டம் போட்டது.

என் முறை வந்தது. அவள் நிமிராமலே "எங்க?" என்றாள்.

கண்ணாடிக்குக் கீழே இருக்கிற ஓட்டையை நோக்கிக் குனிந்தேன். எழுதிக் கொண்டுபோனது எதுவும் இல்லை.

"அன்னிக்கு போன்ல சார்ஜ் இருந்துச்சு" என்றேன்.

அவள் கை கீபோர்டிலேயே நின்றது.

"நான்தான் ஆஃப் பண்ணேன். பயமா இருந்துச்சு தமயந்தி. உன்ன உள்ள தள்ளிட்டுப் போறதப் பாக்க முடியும்னு தோணல. பாட்டு வேலைன்னு சொல்லி அங்க போய் உக்காந்துக்கிட்டேன். நேசன் போன்லயும் இல்லைன்னு சொல்லுன்னு நான்தான் சொன்னேன்."

"கேட்டுச்சு" என்றாள்.

"என்ன?"

"நீ சொன்னது போன்ல கேட்டுச்சு. இருவத்தோரு வருசம் கேட்ட குரல், எனக்குத் தெரியாதா? புருசன் வரலையாம்மான்னு நர்ஸு கேட்டா. ஊர்ல இல்லைன்னு சொன்னேன். அந்த போன வச்சிட்டு ஆபரேஷன் பாரத்துல நானே கையெழுத்துப் போட்டேன். சாட்சிக்குக் கோமதியக்கா."

மூன்றாவது நாள் நான் ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய், "சார்ஜ் தீந்துபோச்சு" என்று சொன்னபோது அவள் ஒன்றுமே சொல்லாமல் ஆப்பிளை வாங்கி ஸ்டூலில் வைத்தாள். எல்லாம் தெரிந்துகொண்டு வைத்திருக்கிறாள். நான் வேறு அங்கேயே ஒரு ஆப்பிளை நறுக்கித் தின்றேன்.

"சார், டிக்கெட் வாங்குறீங்களா, குடும்பம் நடத்துறீங்களா? வண்டி வந்துரும் சார்" என்று பின்னாலிருந்து காலிஃப்ளவர்காரர் கத்தினார். வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவருக்கு வாயில் வந்ததைச் சொல்லத் திரும்பினேன். சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தேன்.

அவள் அதைப் பார்த்தாள். "அது தெறக்காது. பூட்ட மார்ச்சுலயே மாத்திட்டேன்."

"தெரியும். புத்தாண்டு அன்னிக்கு வந்து போட்டுப் பாத்தேன்."

"கோமதியக்கா சொன்னாங்க."

"அப்ப இத என்ன பண்றது?"

முதல் தடவையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். கோபம் இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும், அதற்குப் பதில் பேசவும் தெரியும். இது அந்தப் பெண் மூன்றாவது தடவை பாடிய மாதிரி இருந்தது. மெட்டு மட்டும் இல்லை.

"வச்சிட்டுப் போ" என்றாள்.

ஓட்டை வழியாக உள்ளே தள்ளினேன். அவள் எடுத்துச் சில்லறை டப்பாவுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, எனக்குப் பின்னால் பார்த்து, "அடுத்தது" என்றாள்.